எல்ஸ்ப்ரோவில் கடை வாங்காதே

எல்ஸ்ப்ரோ,
ஞாயிற்றுக்கிழமை, 12 நவம்பர் 1972

அன்பு மகள் சோல்வாய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, சாப்பிட்டது செரித்து, படுத்தால் தூக்கம் வந்து, அந்த மட்டில் குறையில்லாமல் இருக்கிறோம். கனடாவில் நீயும் மாப்பிள்ளை ஹோல்கரும் பேத்திகள் இரண்டு பேரும் இதைவிட நன்றாகவே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். சின்னவள் யூட்டாவுக்குக் காதுவலி விட்டதா, விடாவிட்டால் வெங்காயத்தைச் சுட்டு துணியில் கட்டி ஒத்தடம் கொடு, டாக்டர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உன் கடிதம் போன திங்கள்கிழமை வந்தது. அப்பா அதை வாசலில் நின்றபடியே ஒரு தடவை படித்தார், உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு தடவை படித்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். வால்டெமார் மாமா தன் மளிகைக் கடையையும் மாடி வீட்டையும் உங்களுக்கு விற்பதாக எழுதியிருப்பது, ஹோல்கர் மர அறுவை ஆலை வேலையை விட்டுவிடத் துணிந்தது, உங்கள் சேமிப்பு மொத்தத்தையும் அதில் போடப்போவது, டிசம்பர் முதல் தேதிக்குள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும் என்பது, எல்லாம் தெரிந்துகொண்டேன். ஒன்பது வருஷம் கழித்து ஒரேயடியாக ஊருக்கு வருகிறோம், சந்தோஷப்படு அம்மா என்று எழுதியிருக்கிறாய். பட்டேன். திங்கள்கிழமை முழுக்கப் பட்டேன், அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுக்கூட நின்றேன். செவ்வாய்க்கிழமை என் கண்ணால் ஒன்றைப் பார்த்தபிறகு அந்தச் சந்தோஷம் செத்துப்போயிற்று. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வராதே. கையெழுத்துப் போடாதே. காரணம் சொல்லாமல் சொன்னால் நீ கேட்கிறவள் இல்லை, அப்பாவின் பிடிவாதம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது, ஆகையால் எல்லாவற்றையும் எழுதுகிறேன், ஒரு காபியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

உன் மாமா எழுதியிருக்கிறான் அல்லவா, எல்ஸ்ப்ரோ மறுபடியும் எழும், ஐரோப்பியச் சந்தையில் சேர ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்கள், வெண்ணெய்க்கு விலை ஏறும், குடியானவன் கையில் காசு புரண்டால் கடைக்காரன் பெட்டி நிறையும் என்று. என் கூடப்பிறந்த தம்பிதான், அவன் வாய்ச்சாலகம் எனக்குத் தெரியாதா. இந்த ஊர் எதனால் எழுந்தது என்று உனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததுதான், ஆனாலும் தூர தேசத்தில் இருந்தால் ஊர் அழகாகத்தான் தெரியும், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். ரயில் முதலில் ஆஸ்லெவ் வழியாகத்தான் போவதாக இருந்தது. அங்கேதான் சர்ச் இருந்தது, பாதிரியார் இருந்தார், பெரிய பண்ணைகள் இருந்தன. என்ஜின் புகை பட்டால் பசுக்களுக்கு மடி வற்றிப்போகும் என்று அந்தப் பெரிய மனுஷர்கள் நிலம் தர மாட்டோம் என்றார்கள். சரி போ என்று கம்பெனிக்காரர்கள் மூன்று கிலோமீட்டர் தள்ளி, புதரும் சதுப்புமாகக் கிடந்த இடத்தில் ஸ்டேஷனைக் கட்டினார்கள். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதில் இங்கே ஒரு ஸ்டேஷனும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான். பத்தே வருஷத்தில் விடுதி வந்தது, பால் சங்கம் வந்தது, மரக்கடை, தீவன மண்டி, கொல்லன் பட்டறை, சேமிப்பு வங்கி, டாக்டர், ரொட்டிக்கடை எல்லாம் வந்தன. ரொட்டிக்கடை ஒன்று இல்லை, இரண்டு. பக்திமான்களுக்கு ஒன்று, பாட்டும் நாடகமும் கேட்கிறவர்களுக்கு ஒன்று. நடனத்துக்குப் போகிறவன் பிசைந்த மாவை எங்கள் பெரியப்பா வீட்டில் வாயில் வைக்கமாட்டார்கள். செத்தால் மட்டும் இரண்டு கோஷ்டியும் ஆஸ்லெவ் சர்ச்சுக்குத்தான் போகவேண்டும், ஏனென்றால் நமக்கென்று ஒரு சர்ச் கட்டிக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்கவில்லை, எல்லோரும் வியாபாரத்தில் மும்முரமாக இருந்தார்கள்.

புல் மாட்டுக்குப் போயிற்று, பால் சங்கத்துக்குப் போயிற்று, வெண்ணெய் பீப்பாயில் அடைத்து ரயிலுக்குப் போயிற்று, ரயில் துறைமுகத்துக்குப் போயிற்று, அங்கிருந்து இங்கிலீஷ்காரன் காலைச் சாப்பாட்டுக்குப் போயிற்று. இவ்வளவுதான் எல்ஸ்ப்ரோவின் பொருளாதாரம், உன் மாமா மாதிரி சுற்றி வளைக்க அதில் ஒன்றும் இல்லை. திரும்பி வருகிற வண்டியில் நிலக்கரியும் உரமும் புண்ணாக்கும் சிமெண்டும் வந்தன. செவ்வாய்க்கிழமை பன்றி ஏற்றும் நாள், அன்றைக்கு எந்த வீட்டிலும் துணி உலர்த்தமாட்டோம், ஞாபகம் இருக்கிறதா. உன் அப்பா தண்டவாளத்தில் கேங்மேனாக இருந்தார், ஏழு கிலோமீட்டர் பாதை அவர் பொறுப்பு, அதோடு கொல்லையில் மூன்று பசு. அந்த மூன்று பசுவின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றியதால் அவரும் சங்கத்தில் ஒரு பங்காளி. கறந்தது நான், பங்காளி அவர், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சங்கத்தில் மாட்டுக்கு ஓட்டு இல்லை, ஆளுக்குத்தான் ஓட்டு. அறுபது மாடு வைத்திருந்த க்ரெஸ்டனுக்கும் ஒரு கை, மூன்று மாடு வைத்திருந்த உன் அப்பாவுக்கும் ஒரு கை. அதில் அவருக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியும், ஒவ்வொரு பொதுக்குழுவுக்கும் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் போவார்.

இனிமேல் சொல்லப்போவது நீ போனபிறகு நடந்தது. அப்பா உனக்கு எழுதவில்லை, நானும் எழுதவில்லை, ரயில் நின்றுவிட்டது என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டோம். அறுபத்தாறாம் வருஷம் மார்ச் மாதம் ரயில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயணிகள் வண்டி கட்டுப்படியாகவில்லை, ஆனால் எல்ஸ்ப்ரோ பால் சங்கம் ஐந்து வருஷத்துக்குத் தன் வெண்ணெயையும் நிலக்கரியையும் ரயிலிலேயே ஏற்றி இறக்குவதாக எழுதிக்கொடுத்தால் கூட்ஸ் வண்டியாவது ஓடும், ஏப்ரல் முதல் தேதிக்குள் பதில் வேண்டும் என்று. மரக்கடைக்காரரும் தீவன மண்டிக்காரரும் சங்கம் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்றார்கள். சங்கத்தின் பொதுக்குழு மார்ச் இருபதாம் தேதி, கடிதம் வந்தது பதினான்காம் தேதி. சங்க விதிப்படி தீர்மானம் எதுவானாலும் எட்டு நாள் முன்னால் எழுத்தில் வந்திருக்கவேண்டும். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் மாமாவிடம் ஓடினார், ஏனென்றால் எந்தக் கூட்டமானாலும் நடத்துவதற்கு இவனைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், விதிப் புத்தகம் முழுக்க இவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அவன் கடைக்குப் பின்னால் கருவாட்டுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "எட்டு நாள் தாண்டிருச்சு மச்சான், நிகழ்ச்சி நிரல்ல சேக்க முடியாது, 'இதர'ல பேசிக்கங்க" என்று சொல்லியிருக்கிறான். கடைசி அயிட்டமான இந்த 'இதர' என்னவென்று உனக்குச் சொல்லவேண்டாம். கோழிப்பந்தயச் சங்கத்திலிருந்து பாராளுமன்றம் வரைக்கும் நம் தேசத்தில் அதே கதைதான். 'இதர'வில் எதை வேண்டுமானாலும் பேசலாம், எதையும் தீர்மானிக்க முடியாது.

நான் அன்றைக்கு ஊர்க் கூடத்தின் சமையல்கட்டில் இருந்தேன். காபி நீட்டுகிற ஜன்னல் திறந்திருந்தது, எல்லாம் காதில் விழுந்தது. அப்பா எழுந்து பேசினார். அவர் பேச்சாளி இல்லை, ஆனால் அன்றைக்கு நன்றாகவே பேசினார், லாரிக்காரன் முதல் வருஷம் சிரிப்பான், இரண்டாம் வருஷம் விலை சொல்லுவான், மூன்றாம் வருஷம் சங்கத்தையே தன் ஊருக்கு ஏற்றிக்கொண்டு போவான் என்றார். அப்படியே நடந்தது, ஒரு வருஷம்கூடப் பிசகவில்லை. அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள், ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை, சரி சரி என்று தலையாட்டினார்கள், கைகூடத் தட்டினார்கள். அப்போது க்ரெஸ்டன் எழுந்து, "விதி கெடக்கட்டும் விடுங்கப்பா, எல்லாருக்கும் சம்மதம்தானே, கையத் தூக்குங்க, இப்பவே முடிச்சிருவோம்" என்றார். பெண்கள் நாங்கள் ஜன்னலருகே வந்துவிட்டோம். உன் மாமா கூட்டம் நடத்துகிறவன், அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்ன சொன்னார் தெரியுமா. "வேணாம் க்ரெஸ்டன். இன்னிக்கு எனக்காக விதிய வளச்சா நாளைக்கு உங்களுக்காக வளைப்பீங்க. மூணு மாட்டுக்காரனுக்கு இந்த விதிய விட்டா வேற என்ன இருக்கு" என்றார். உன் மாமா, "மச்சான் சொல்றது ரொம்பச் சரி, அடுத்து காபி" என்றான். அவ்வளவுதான். சிறப்புக் கூட்டம் கூட்டலாமே என்று யாரோ கேட்டார்கள், அதற்குப் பதினான்கு நாள் அறிவிப்பு வேண்டும், கம்பெனி கொடுத்த கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இரண்டு நாள் தவணை கேட்டுக் கம்பெனிக்கு ஒரு போன் போடலாம் என்று வீட்டுக்கு வந்து நான் சொன்னேன். "கெஞ்சறதுக்கு நாம என்ன கையேந்தியா நிக்கறோம்" என்றார். எனக்கு ஓட்டு இருந்திருந்தால், அந்த மூன்று பசுவையும் முப்பது வருஷம் கறந்த கைக்கு ஒரு ஓட்டு இருந்திருந்தால், விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று தூக்கியிருப்பேன். ஜன்னல் வழியாகக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. காபியை ஊற்றினேன், கேக்கை வெட்டினேன், அவர்கள் எழுந்து நின்று பாடினார்கள், நானும் கூடச் சேர்ந்து பாடினேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கூட்டக் குறிப்பேட்டில் அந்த நாளைப் பற்றி எழுதியிருப்பது இதுதான்: இதர, கேங்மேன் ஐனர் ரயில் குறித்துப் பேசினார், நல்ல விவாதம் நடந்தது, காபி வழங்கப்பட்டது.

மறு வருஷம் வசந்தத்தில் கடைசி வண்டி போயிற்று. கொடி கட்டினார்கள், பேண்டு வாசித்தார்கள், பத்து வருஷமாக டிக்கெட் வாங்காதவர்களெல்லாம் அன்றைக்கு வரிசையில் நின்று வாங்கினார்கள், பெட்டியில் இடம் போதவில்லை. அப்புறம் தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு விற்றார்கள், அதைக் கழற்றுகிற வேலையைக் கம்பெனி யாருக்குக் கொடுத்தது என்று நினைக்கிறாய். தான் போட்ட ஆணியைத் தானே பிடுங்கினார் உன் அப்பா, ஒன்பது வாரம். துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, மரையைக் கெடுக்காமல், வரிசையாக அடுக்கி வைத்தார். "எப்படியும் உருக்கத்தானே போறான், சுத்தியால அடிச்சு எறிய வேண்டியதுதானே" என்று நான் கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதோடு போகவில்லை. அறுபத்தொன்பதில் பால் சங்கம் பக்கத்து நகரத்துச் சங்கத்தோடு சேர்ந்தது, சேர்ந்தது என்று அவர்கள் சொல்கிறார்கள், விழுங்கியது என்று நான் சொல்கிறேன். பால் எடுக்க வருகிற டேங்கர் லாரி மூன்று மாட்டுக்காகத் தெருவில் நிற்காதாம், பசுக்களை விற்றோம். எழுபதில் பஞ்சாயத்து ஆபீஸ் நகரத்துக்குப் போயிற்று. அதன் பின்னால் டாக்டர் போனார், விடுதியைப் பூட்டினார்கள், சேமிப்பு வங்கி இருந்த இடத்தில் ஒருத்தி தலைமுடி சுருட்டிவிடுகிறாள், அவளும் வாரத்தில் இரண்டு நாள்தான். மரக்கடைக்காரர் கடையையே பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். போன வசந்தத்தில் பால் சங்கத்துப் புகைபோக்கியை இடித்தார்கள், ஊரே நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அப்பா இப்போது நகரத்து ஜன்னல் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிறார், அறுபத்தொரு வயதில், பஸ்ஸில் போய். கண்காணிப்பாளர் பையன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். நான் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறேன், அங்கே கிடக்கிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்குத் தலையாட்டியவர்கள். க்ரெஸ்டனுக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். "நீயாவது அன்னிக்கு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே எல்னா" என்று ஒரு நாள் கேட்டார். கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

இனி செவ்வாய்க்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். இல்லத்துக் காகிதம் ஒன்றைக் கொடுக்க நகரத்து ஆபீசுக்குப் போனேன். நடையில் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது, புது நெடுஞ்சாலை எப்படிப் போகப்போகிறது என்று. அது ஆஸ்லெவ் வழியாகப் போகிறது, சோல்வாய். புகைக்குப் பயந்து ரயிலை விரட்டிய அதே ஆஸ்லெவ். அங்கே பெட்ரோல் பங்கு வருகிறது, பெரிய கடை ஒன்று வருகிறது, அதற்குக் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊருக்கு அந்தச் சாலையிலிருந்து ஒரு கிளைகூட இல்லை, எல்ஸ்ப்ரோ என்ற பெயரையே எழுதவில்லை, ஒரு புள்ளிதான் இருக்கிறது. கீழே சாலைத் திட்டக் குழு உறுப்பினர்களின் பெயர்கள், மூன்றாவது பெயர் உன் மாமா. தேதி ஆகஸ்ட். உனக்கு அவன் கடையைப் பற்றிக் கடிதம் எழுதியது செப்டம்பரில். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், அந்த ஆபீஸ் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மார்ட்டின் பண்டிகை, வாத்து பொரித்திருந்தேன், வழக்கம்போல உன் மாமா சாப்பிட வந்தான். அவன் பெண்டாட்டி செத்தபிறகு எந்தப் பண்டிகைக்கும் இங்கேதான் அவனுக்குத் தட்டு. நகரத்தில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறானாம், லிஃப்ட் இருக்கிறதாம், அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். நான் சாஸைப் பரிமாறிக்கொண்டே கேட்டேன், "ஏன்டா, அந்த ரோடு வரைபடத்தப் பத்தி சோல்வாய்க்கு எழுதினியா" என்று. அவன் முகத்தில் ஒரு சலனம் இல்லை. "அது பொதுப் பார்வைக்கு வச்சிருக்குக்கா. வருஷக் கடைசி வரைக்கும். யார் வேணும்னாலும் போய்ப் பாக்கலாம்" என்றான். அவள் கால்கரியில் இருக்கிறாள் என்றேன். "ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுக்கலாம், தபால்ல வந்தாலும் ஏத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான். அவன் பொய் சொல்லவில்லை, கேட்டுக்கொள். அன்றைக்கும் அவன் பொய் சொல்லவில்லை. ரயில் நின்ற மூன்றாம் மாதம் அவன் கடை வாசலில் பெட்ரோல் பம்பு முளைத்தது, அதுவும் முறையாக அனுமதி வாங்கி வைத்ததுதான். அவன் வாழ்நாளில் ஒரு விதியை மீறியதில்லை. திருடியிருந்தால் போலீசுக்குப் போகலாம், இவனை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது. கூடப்பிறந்தவன், ஒரே தொட்டிலில் என் பின்னால் கிடந்தவன், என் பெண்ணின் தலையில் காலிக் கடையைக் கட்டிவிட்டு லிஃப்ட் ஏறப்போகிறான், அவனுக்கு நான் வாத்தின் காலைப் பார்த்து எடுத்து வைத்தேன். வயிறு எரிகிறது, மகளே.

அதைவிட எரிந்தது எதற்கு என்றால், அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. மாமா போனபிறகுதான் கேட்டேன், உங்களுக்கும் தெரியுமா என்று. தெரியுமாம். தொழிற்சாலைக்குப் போகிற பஸ் அந்த ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறது, ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டாராம். பார்த்துவிட்டு உன் கடிதத்தை இரண்டு தடவை படித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டேன், நீ பள்ளியில் பரிசு வாங்கினாயே, அந்தப் பூப்போட்ட சாஸ் கிண்ணம், மன்னித்துக்கொள். சொந்த மகளைக் குழியில் தள்ளுகிறீர்களே என்று கேட்டேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். "பிள்ளைங்க ரெண்டு வந்தா பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்ப மூடமாட்டாங்க எல்னா. மூணாம் வகுப்பு இருந்தா வாத்தியார் குடும்பம் ஊர்லயே தங்கும். கடையில இளசுங்க இருந்தா நாலு பேர் வருவாங்க. வரைபடம்தானே, மாத்தலாம், ஆட்சேபணை எழுதலாம்" என்றார். அப்புறம், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, "அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு உடைந்த கிண்ணத்தைப் பொறுக்கினார். அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். இந்த ஊரைத் தானே கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நீ இங்கே வந்து கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் சாகவில்லை என்று ஆகிவிடும் அவருக்கு. அதற்காக உன் ஒன்பது வருஷ உழைப்பையும் மாப்பிள்ளையின் வேலையையும் நான் கொடுக்கமாட்டேன். நீ வந்தால் நாலு வருஷம், மிஞ்சினால் ஐந்து வருஷம் கடை ஓடும். அதற்குப் பிறகு ஹோல்கரும் அதே பஸ்ஸில் அதே தொழிற்சாலைக்குப் போவான், அங்கே கிடைத்தால். அப்போது யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எல்லாம் முறைப்படி நடந்திருக்கும்.

ஆகையால் நீ செய்யவேண்டியது இது. அப்பாவுக்குத் தனியாக வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் எழுது, ஹோல்கர் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டான் என்று எழுது. நீ மறுத்ததாக எழுதாதே, அதை அவர் தாங்கமாட்டார். நான் தடுத்ததாகவும் எழுதாதே, எனக்குப் பயம் என்று நினைக்காதே, ஆனால் மீதிக் காலத்தை நானும் அவரும் இந்த ஒரு சமையலறையில்தான் எதிரெதிரே உட்கார்ந்து கழிக்கவேண்டும். மாப்பிள்ளையைத் திட்டுவார், நன்றிகெட்டவன், கனடாக்காரனாகிவிட்டான் என்பார், நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டுவேன், ஹோல்கரிடம் முன்கூட்டியே சொல்லி வை, அவன் நல்ல பிள்ளை, புரிந்துகொள்வான். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பாய். யூட்டாவை நான் இன்னும் தூக்கியதே இல்லை. பெரியவள் லிஸ்பெத் போனில் பேசினபோது அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா சிரித்தேன். நீ வரவேண்டும் என்று இந்த ஒன்பது வருஷத்தில் நான் நினைக்காத நாள் கிடையாது. இதை எழுதுகிற கையை நானே வெறுக்கிறேன், இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்பா இப்போது மாடியில் இருக்கிறார். நேற்றே மாடி அறையில் இருந்த பழைய சாமானையெல்லாம் இறக்கிவிட்டார், கடை மாடி தயாராகும்வரைக்கும் குழந்தைகள் இங்கே படுக்கலாமாம். இரண்டு சின்னக் கட்டிலுக்குப் பலகை அறுத்து வைத்திருக்கிறார். சற்று முன்னால் பெயிண்டு டப்பாவோடு படியில் நின்றுகொண்டு, "பொண்ணுங்களுக்கு என்ன நிறம் புடிக்கும் எல்னா" என்று கேட்டார். இந்தக் காகிதத்தின் மேல் செய்தித்தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு, மஞ்சள் என்றேன். விசில் அடித்துக்கொண்டு மேலே போனார். அவர் விசில் அடித்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

நீயும் ஹோல்கரும் கையில் உள்ளதைக் காப்பாற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பசியில்லாமல் நோயில்லாமல் வளர்த்து, தலை நிமிர்ந்து வாழக் கடவுள் துணை இருக்கட்டும். பேத்திகளுக்கு என் முத்தம், இருவருக்கும் தனித்தனியாக. எனக்கு எழுதும் பதிலை முதியோர் இல்லத்து முகவரிக்கே போடு, வீட்டுக்குப் போடாதே. அப்பாவுக்கு எழுதும் கடிதத்தைச் சீக்கிரம் போடு, இரண்டாவது பூச்சுக்கு அவர் அடுத்த சனிக்கிழமைக்குள் பெயிண்டு வாங்கிவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
எல்னா